அமானிதமும் அறிக்கையும்

அரசாங்கத்து அறிக்கைகளை ஓர் இலக்கிய மாத இதழில் வைத்து ஆராய்வது முறைதானா என்று நம் வாசகர்களில் சிலர் ஐயுறக்கூடும். சீறாவின் நயம் பேச வேண்டிய பக்கங்களில் சட்ட உட்பிரிவுகளுக்கு என்ன வேலை என்பர். எனக்கும் அந்த ஐயம் இருந்தது. ஒரு தாய் என்னிடம் கேட்ட இரண்டு கேள்விகளே என்னை இந்த வேலையில் இறக்கின.

அவர் நம் பகுதியில் ஷூ கம்பெனி ஒன்றில் மேல்தோல் தைக்கும் பெண்மணி. அவருடைய மகன் இரவு வேலை முடிந்து வண்டியில் திரும்பும் வழியில் காவலர் இருவர் நிறுத்தியிருக்கின்றனர். பெயர், தந்தை பெயர், தெரு எல்லாம் கேட்டுக் கைப்பேசியில் அவன் முகத்தைப் படமெடுத்துக்கொண்டு, போகலாம் என்று அனுப்பிவிட்டனர். வழக்கில்லை, கைதில்லை, கடுஞ்சொல்லும் இல்லை. எந்த ஊர், எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. அந்த அம்மையார் கேட்டார்: “ஹஜ்ரத், அந்தப் படம் எங்கே போய்ச் சேரும்? எத்தனை காலம் இருக்கும்?”

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் அறிவில் பாதி என்று எங்கள் உஸ்தாதுகள் கற்பித்திருந்ததால், தெரியாது என்றே சொல்லி அனுப்பினேன். பிறகு, வழக்கறிஞராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, இந்தப் பொருள் பற்றி இந்நாட்டில் வெளிவந்த அறிக்கைகளில் முதன்மையானவற்றைப் படித்தேன். ஆங்கிலம் எனக்கு அகராதியின் துணையோடு வருவது. ஆகவே மெல்லவே படித்தேன். மெல்லப் படிப்பதில் ஒரு நன்மையும் உண்டு. சொற்கள் நின்று முகம் காட்டும்.

இவற்றுள் நடுநாயகமானது, நீதியரசர் பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான வல்லுநர் குழு 2018 ஜூலை 27-இல் மத்திய அரசிடம் அளித்த அறிக்கை. ஸ்ரீகிருஷ்ணா என்ற பெயர் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் நடந்த கலவரங்களை விசாரித்து 1998-இல் அறிக்கை தந்தவர் அவரே. அந்த அறிக்கையைப் படித்தவர்கள் அதன் உரைநடையை மறக்கமாட்டார்கள். காவல் நிலையம் காவல் நிலையமாக, தெருத் தெருவாக, யார் எங்கே நின்றார், யார் வரவில்லை, யார் வந்தும் பார்த்திருந்தார் என்று அது சொல்லிச் செல்லும். அலங்காரம் இல்லை; சினமும் வெளியே தெரியாது; ஆனால் எழுவாய் இல்லாத வாக்கியம் அதில் அரிது. செய்தவர் யார் என்று கேட்டால் வாக்கியமே விடை சொல்லும். அதன் பரிந்துரைகளில் பெரும்பகுதி செயலுக்கு வராமற் போனது வேறு கதை.

அதே கை இருபது ஆண்டுகளுக்குப் பின் எழுதிய இரண்டாம் அறிக்கையை அந்த எதிர்பார்ப்போடு திறந்தேன். பத்துப் பேர் கொண்ட குழுவின் அறிக்கை இது என்பதையும் ஒருவர் எழுத்தாக இதைக் கொள்ளலாகாது என்பதையும் அறிவேன். ஆயினும் வேறுபாடு கண்ணை உறுத்துகிறது. இங்கே வாக்கியங்கள் எழுவாயை இழந்து நிற்கின்றன. தகவல் திரட்டப்படுகிறது, பயன்படுத்தப்படுகிறது, பகிரப்படுகிறது என்றே நடை போகிறது. யார் திரட்டுகிறார் என்ற இடத்தில் வணிக நிறுவனம் என்றால் பெயரும் நாடும் விவரமும் வருகின்றன; அரசு என்றால் நடை மெலிந்துவிடுகிறது.

குறையை முதலில் சொல்லிவிட்டேன்; நிறையைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது. இந்த அறிக்கை ஓர் அரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தது. பிறருடைய தகவலைக் கையில் வைத்திருப்பவரை ‘உடைமையாளர்’ என்றோ, உலக வழக்கை ஒட்டிக் ‘கட்டுப்படுத்துபவர்’ என்றோ அது அழைக்கவில்லை. நம்பி ஒப்படைக்கப்பட்டதைப் பேணிக் காக்கும் கடமையுள்ளவர் என்று பொருள்படும் ‘ஃபிடூஷியரி’ என்ற சொல்லை ஆண்டது. தகவலுக்குரிய மனிதரை, அவரே முதல்வர், மற்றவர் அவர் பொருட்டு இருப்பவர் என்ற பொருளில் ‘பிரின்சிபல்’ என்றது. இதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லை. நம் வீடுகளிலோ அது நெடுங்காலமாக இருக்கிறது. அமானிதம் என்று நாம் சொல்வது இதைத்தானே! ஹஜ்ஜுக்குப் போகிறவர் அண்டை வீட்டில் ஒப்படைத்துச் சென்ற நகைமுடிப்பை, அவிழ்த்துப் பார்க்காமலும் இரவல் கொடுக்காமலும் அவர் திரும்பியதும் அவரிடமே சேர்ப்பது அமானிதம். அதை உரியவரிடம் ஒப்படைக்கும் கடமையைத் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 58-ஆம் வசனம் விதிக்கிறது. நுபுவ்வத்துக்கு முன்பே பெருமானார் (ஸல்) அவர்களுக்கு மக்காவாசிகள் இட்ட பெயர் அல்-அமீன். ஒரு மதரஸா மாணவனுக்கு இந்த அறிக்கையின் இதயத்தை அரை மணி நேரத்தில் விளக்கிவிடலாம். ஃபிக்ஹில் வதீஅத் பற்றிய பாடத்தை அவன் படித்திருந்தாற் போதும்.

இங்கே ஒரு சிறு விலகல். அமீன் என்ற இதே அறபுச் சொல் நம் நீதிமன்ற வழக்கில் ‘அமீனா’ என்று வழங்குகிறது. நம்பிக்கைக்குரியவர் என்ற சொல், ஜப்தி ஆணையோடு கதவைத் தட்டுகிறவருக்கு ஆகிவிட்டது. ஒரு சொல் அரசாங்கத்தின் கையில் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது. அறிக்கையின் நல்ல சொல்லுக்கும் ஏறக்குறைய இதுவே நேர்ந்தது.

நேர்ந்தது எப்படி? அறிக்கையில் விதிவிலக்குகள் பற்றிய அதிகாரம் ஒன்று உண்டு. நூல் முழுவதிலும் நேர்மையான பகுதி அது. முழுவதிலும் பலவீனமான பகுதியும் அதுவே. இந்நாட்டில் உளவு அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் முறையான சட்டம் இல்லை, நாடாளுமன்றத்தின் மேற்பார்வையோ நீதிமன்றத்தின் மேற்பார்வையோ இல்லை என்று அது ஒளிக்காமற் சொல்கிறது. தொலைபேசி இடைமறிப்பு ஆணைகளைச் சரிபார்க்க அதிகாரிகளைக் கொண்ட மறுஆய்வுக் குழு ஒன்று இருக்கிறது. அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகள் வரை அதன் முன் வைக்கப்படுகின்றன என்ற கணக்கையும் தருகிறது. வாசகர் இந்த எண்ணருகே சற்று நிற்க வேண்டும். நீர் அருந்தவும் எழாமல் பத்து மணி நேரம் அமர்ந்து பார்த்தாலும், ஓர் ஆணைக்கு இரண்டரை விநாடி கிடைக்காது. ஒரு மனிதனின் பெயரை வாய்விட்டுப் படிக்கும் நேரம் அது. அவன் பேச்சைக் கேட்பதற்குக் காரணம் இருந்ததா என்று ஆராயும் நேரம் அன்று.

இவ்வளவும் கண்டு எழுதிய குழு, அடுத்து என்ன செய்தது? உளவு அமைப்புகளுக்கென அரசு விரைந்து தனிச் சட்டம் கொண்டு வர வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டு அப்பால் சென்றது. தான் இணைத்துத் தந்த மசோதாவில் அதற்கான ஏற்பாட்டைச் செய்யவில்லை. பாதுகாப்பின் பெயரால் தகவலைக் கையாள்வது சட்டத்தின் வழி, தேவையளவு, தகுந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளை மட்டும் இட்டது. அவை நல்ல நிபந்தனைகளே. 2017 ஆகஸ்டு 24-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக வகுத்த தீர்ப்பை ஒட்டியவை. ஆனால் அளவுகோலைக் கொடுத்தவர் அளப்பவரைக் கொடுக்கவில்லை. பம்பாய் அறிக்கையை எழுதியவர் நோயை இவ்வளவு தெளிவாகக் கண்டபின் மருந்தை வேறொருவர் தருவார் என்று எழுதியதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை.

இதைச் சொன்னால், குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா, வீதியில் பெண்கள் அச்சமின்றி நடக்க வேண்டாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. நம் முன்னோர் அதைக் கேட்டு, விடையும் எழுதிவைத்திருக்கின்றனர். ஹிஜ்ரி 450-இல் மறைந்த பக்தாதின் பெருங்காழி மாவர்தீ அவர்கள், ஆட்சி நெறிகள் பற்றிய தம் நூலின் இறுதிப் பகுதியில் முஹ்தஸிபின் அதிகாரத்தை ஆராய்கிறார். அங்காடியிலும் வீதியிலும் தீமையைத் தடுக்கும் பொறுப்பாளர் முஹ்தஸிப். வெளிப்படாத குற்றத்தைத் துருவித் தேடவோ மறைப்பைக் கிழிக்கவோ அவருக்கு உரிமை இல்லை என்பது மாவர்தீயின் பொது விதி. 49-ஆம் அத்தியாயம் 12-ஆம் வசனத்தின் தடையே அதன் வேர். பிறகு விலக்கும் சொல்கிறார். நம்பத் தகுந்த ஒருவர் வந்து, இன்ன இடத்தில் ஓர் உயிர் கொல்லப்பட இருக்கிறது என்று சொல்லி, தாமதித்தால் மீட்க முடியாத கேடு நேரும் என்றிருந்தால், அப்போது தேடிச் செல்லலாம். இந்த விலக்கின் கட்டமைப்பைப் பாருங்கள். செய்தி சொன்னவர் இன்னார் என்பது தெரிந்திருக்க வேண்டும். அவர் நம்பகமானவராக இருக்க வேண்டும். இடம் குறிப்பாக இருக்க வேண்டும். கேடு மீட்க இயலாததாக இருக்க வேண்டும். ஊர் முழுவதையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, குற்றம் நடந்தபின் அதிலிருந்து ஆளைத் தேடுவதற்கு இந்த விலக்கில் வாசல் இல்லை.

உமர் (ரலி) அவர்கள் இரவு ரோந்தில் ஒரு வீட்டின் சுவரேறி, உள்ளே மது அருந்தியவனைக் கண்டிக்க, அவன் கலீபாவைப் பார்த்து, நான் செய்தது ஒரு பிழை, தாங்கள் செய்தவை மூன்று, துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, ஸலாம் சொல்லி அனுமதி கேட்கவில்லை என்ற பொருளில் வாதிட்டதாக ஒரு செய்தி நம் நூல்களில் வழங்கிவருகிறது. பயான்களில் இதை அந்த மனிதனின் வாய்ச்சாதுரியமாகச் சொல்லிச் சிரிக்க வைத்துவிடுகிறோம். கதையின் கனம் கலீபா திரும்பிச் சென்றார் என்பதில் இருக்கிறது. நம் நாட்டில் 1962-இல் கரக் சிங் வழக்கு வந்தபோது, சந்தேகப் பட்டியலில் இருப்பவனின் வீட்டுக் கதவை இரவில் தட்டுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டைச் சுற்றி மறைந்திருந்து கண்காணிப்பதை அனுமதித்தது. அதுவும் செல்லாது என்று மாறுபட்டு எழுதியவர் நீதிபதி சுப்பாராவ். அவருடைய பார்வை பெரும்பான்மையாவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள், புட்டசாமி தீர்ப்பு வரை, செல்ல வேண்டியிருந்தது. அத்தீர்ப்பில் நீதிபதி பாப்டே தம் தனி உரையில், பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதை இஸ்லாம் தடுக்கிறது என்பதையும் எடுத்துக் காட்டியிருப்பதை நம்மவர் பலர் அறியார்.

2018-க்குப் பின் நடந்ததை விரைந்து சொல்லிவிடலாம். 2019 மசோதாவில் அரசு தன் எந்த அமைப்பையும் சட்டத்திலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்ற பிரிவு நுழைந்தது. ஸ்ரீகிருஷ்ணாவே அதை வெளிப்படையாகக் கண்டித்தார். நாடாளுமன்றக் கூட்டுக் குழு 2021 டிசம்பரில் அறிக்கை தந்தது. 2022 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2023 ஆகஸ்டில் புதிய சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ‘ஃபிடூஷியரி’ என்ற சொல் அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் 17-ஆம் பிரிவு, குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் நடக்கும் செயல்களைப் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்குகிறது. மத்திய அரசு அறிவிக்கும் அமைப்புகளைச் சட்டம் முழுவதிலிருந்தும் விலக்குகிறது. தேவையளவு, தகுந்த விகிதம் என்ற அந்த நிபந்தனைகள் காணோம். கண்காணிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசே. குடிமகன் பொய்ப் புகார் கொடுத்தால் அவனுக்கு 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க மட்டும் மறக்கவில்லை.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். தமிழ்நாடு காவல்துறை 2021 அக்டோபரில் முகமறி மென்பொருள் ஒன்றைப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தது. ஒருவரின் முகத்தைப் படமெடுத்துக் காவல் பதிவேடுகளிலுள்ள படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் வேலை. காணாமற்போனவரைக் கண்டுபிடிக்கவும் அது உதவும் என்றனர், உதவினால் மகிழ்ச்சியே. 2024 மே மாதத்தில் அயலார் ஒருவர் அந்தத் தளத்துக்குள் நுழைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஒரு பயனர் கணக்கின் கடவுச்சொல் பிறர் கையில் சிக்கியதைக் காவல்துறையும் ஒப்புக்கொண்டது. அமானிதப் பெட்டியின் சாவி தெருவில் கிடந்தது என்று சொன்னால் மிகையாகுமா?

காவலர் யாரிடம் இத்தகைய அடையாளங்களை எடுக்கலாம் என்பதற்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளையர் காலத்து 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2022-இல் வந்தது அது. கைரேகை, கண்ணின் கருவிழித்திரை, உயிரியல் மாதிரிகள் வரை எடுக்கலாம். பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். முன்தண்டனை இல்லாதவர் விடுதலையானால், நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிட்டாலன்றி அழிக்க வேண்டும். ஆனால் அச்சட்டம் பேசுவது தண்டனை பெற்றவர், கைதானவர், நன்னடத்தைப் பிணை கொடுக்க ஆணையிடப்பட்டவர், தடுப்புக் காவலில் உள்ளவர், மாஜிஸ்திரேட்டு குறித்து ஆணையிட்டவர் ஆகியோரைப் பற்றியே. இரவில் வண்டியில் வந்த பிள்ளை இவர்களில் யாரும் இல்லை. எடுக்கச் சொல்லும் சட்டம் அவனுக்கு இல்லை. அழிக்கச் சொல்லும் சட்டமும் அவனுக்கு இல்லை. இதே கேள்வியை ஐதராபாத்தின் எஸ்.கியூ. மசூத், தம்மைச் சாலையில் நிறுத்திப் படமெடுத்ததை எதிர்த்துத் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார்.

ஆய்வுகளில் என் உள்ளம் கவர்ந்தது சிறியதொரு கட்டுரை. விதி என்ற சட்டக் கொள்கை மையம் 2021 ஆகஸ்டில் வெளியிட்டது. தில்லியின் காவல் நிலையங்கள் எங்கெங்கே எவ்வளவு செறிவாக அமைந்துள்ளன, முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் பகுதிகள் எவை என்று வரைபடத்தில் வைத்துப் பார்த்து, முகமறி கருவியைக் காவல்துறை பயன்படுத்தினால் அதன் சுமை முஸ்லிம்கள் மேல் அளவுக்கு மிஞ்சி விழும் என்று முடிவு கட்டியது. கருவிக்கு மதம் தெரியாது என்பர். கருவி நிற்கும் தெருவுக்குத் தெரியுமே! இக்கட்டுரையின் சிறப்பு, யாருடைய உள்ளத்திலும் வெறுப்பு இருப்பதாகக் குற்றம் சாட்டாமலே இதை நிறுவியது. அந்த அடக்கம் நம் மேடைப் பேச்சாளர்களுக்கு வாய்க்க வேண்டும். குறை ஒன்றும் சொல்லலாம்: அதில் நிலையங்கள் இருக்கின்றன, தெருக்கள் இருக்கின்றன, மனிதரின் குரல் இல்லை. மேலும், தலைநகரில் கிடைத்த முடிவை ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. 2015 ஜூனில் ஆம்பூரில் நடந்தவற்றையும் அதன்பின் பட்டியல்களில் ஏறிய பெயர்களையும் அறிந்த நாம், நம் ஊருக்கென்று இப்படி ஓர் ஆய்வு இன்னும் செய்யாமலிருப்பது ஏன் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பேரணாம்பட்டிலிருந்து மேல்விஷாரம் வரை கல்லூரிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

தகவல் திரட்டுவதே தீது என்று நான் சொல்லவில்லை. உலகில் எந்தச் சமுதாயமும் அந்நாளில் செய்யாத அளவுக்கு மனிதர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டியவர்கள் நாம். ஹதீஸை அறிவித்தவர்களின் பிறப்பு, இறப்பு, ஆசிரியர், பயணம், நினைவாற்றல், பொய் சொன்னதுண்டா என்பது வரை ஆயிரக்கணக்கானோரைப் பற்றி அஸ்மாவுர் ரிஜால் நூல்கள் பதிந்து வைத்துள்ளன. ஆனால் அக்கலையின் இமாம்கள் அதைப் புறம்பேசுதல் என்ற பாவத்தின் விளிம்பில் நின்று செய்வதாகவே உணர்ந்தனர். அறிவிப்பின் உண்மையைச் சோதிப்பதற்கு மட்டுமே அந்தக் குறைகளைச் சொல்லலாம்; ஒரு குறை போதுமானபோது இரண்டாவதைச் சொல்வது ஆகாது என்று ஸகாவீ போன்றோர் வரம்பிட்டனர். எதற்காக எடுத்தோமோ அதற்கு மட்டும், எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் என்று இன்றைய அறிக்கைகள் பல பக்கங்களில் சொல்லும் நெறி இதுதான். திட்டக் குழுவுக்காக நீதியரசர் ஏ.பி. ஷா, இவர் முன்னர் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, 2012 அக்டோபரில் தந்த அறிக்கையின் ஒன்பது நெறிகளில் இவை இரண்டும் உண்டு.

அந்த வரம்பை நாமே இன்று பேணுகிறோமா என்பது கசப்பான கேள்வி. மஹல்லாவின் குடும்பப் பதிவேட்டைப் பெண் பார்க்கும் தரகருக்குப் புரட்டிக் காட்டும் முத்தவல்லிகளை நான் அறிவேன். ஜகாத் வாங்கிய விதவையின் பெயரும் படமும் கைப்பேசிக் குழுக்களில் சுற்றுவதை அறிவேன். அரசை நோக்கி விரல் நீட்டும் கட்டுரையில் இதை எழுதாமல் விட என் மனம் இடந்தரவில்லை.

சொல்லைப் பற்றி இன்னும் சிறிது. இதற்குத் தமிழில் ‘தனியுரிமை’ என்று எழுதுகிறார்கள்; ஒருவருக்கே உரிய ஏகபோகம் என்ற பொருளும் அதில் கலந்து நிற்கிறது. ‘அந்தரங்கம்’ என்றாலோ மறைக்க வேண்டிய ஏதோ இருப்பதாகத் தொனிக்கிறது. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவனுக்கு அது எதற்கு என்ற போலி வாதம் அந்தத் தொனியிலிருந்தே பிறக்கிறது. நம் வழக்கிலுள்ள ‘ஹுர்மத்’ என்ற சொல் இரண்டையும் விடப் பொருந்துகிறது. தொடலாகாத கண்ணியம் என்பது அதன் பொருள். குற்றமற்றவனுக்கும் உண்டு, குற்றவாளிக்கும் அது முழுவதும் போய்விடுவதில்லை. தகவலைக் கேட்கும் அறிவிப்பை, எட்டாம் அட்டவணையின் எந்த மொழியிலும் பெறும் உரிமையை 2023-ஆம் ஆண்டுச் சட்டம் குடிமகனுக்குத் தருகிறது. அச்சட்டத்தில் நான் மனமாரப் பாராட்டும் பிரிவு அது. தமிழில் அறிவிப்பு எழுதப்போகிறவர்கள் நல்ல சொற்களைத் தேடினால், நம் பெண்மக்களிடமும் வந்து கேட்கலாம்.

சென்ற வாரம் அந்த அம்மையாரை ஜமாஅத் அலுவலகத்தின் வாயிலில் மீண்டும் கண்டேன். படம் எங்கே போனது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. எடுத்ததற்குச் சட்டத்தில் இடம் இருப்பதாக நான் படித்ததில் காணவில்லை. எதற்காக எடுத்தீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கேட்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, என் மாணவர் மனு எழுதித் தருவார் என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். “கேட்டால், அதையும் அவன் பேரில் எழுதி வைப்பார்களா, ஹஜ்ரத்?” என்றார். படித்த அறிக்கைகள் எதிலும் இந்தக் கேள்வியை நான் காணவில்லை. மனுவைத் தம் பெயரிலேயே போடுவதாக என் மாணவர் சொல்லியிருக்கிறார்.